சட்டப்படி குடியிருப்போர்

மேல்டிக்ரி, பெரார்கஞ்ச்
ஜனவரி 19

ஷோபி,

நீ கேட்டது நடந்துவிட்டது. நேற்று கிராம சபை கூட்டி, உன் காலநிலை மசோதாவை எங்கள் பஞ்சாயத்து ஆதரிக்கிறது என்று தீர்மானம் போட்டுவிட்டோம். நகல் இத்துடன் இருக்கிறது. உன் பெரிய சாப் யாரோ, அவரிடம் காட்டு. தீவில் இருப்பவர்களுக்கும் வாய் உண்டு என்று தெரியட்டும்.

மசோதா விஷயத்தைப் போனில் பேச வேண்டாம், மெயிலும் வேண்டாம், கைப்பட எழுது என்று நீ சொன்னபோது சிரித்தேன். பஞ்சாயத்துக்குப் பிரதான் ஆனதிலிருந்து நான் எழுதுவதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். நீ சட்டம் படிக்க மெட்ராஸ் போனபோது வாரம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேனே, அதற்குப் பிறகு இப்போதுதான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

தீர்மானம் சுலபமாக வரவில்லை. சோலார் வந்தால் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் மரம் குறைவாக, மட்டமாக, வெயில் நன்றாக விழும் மேடு நம்முடைய டிக்ரிதான். கரண்ட் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. டீசல் கப்பல் தாமதமானால் பாதி நாள் பவர் கட், உனக்குத் தெரியாததா? கேள்வி வேறு. ரேஷன் கடை சந்திரமோகன் அண்ணன் எழுந்து கேட்டார்:

"பிரதான்ஜி, நம்ம பட்டா எங்க இருக்கு? கீழ வயல்ல இருக்கு. வயல் எங்க இருக்கு? கடலுக்குள்ள இருக்கு. இந்த டிக்ரியில நமக்கு என்ன காகஜ் இருக்கு? நாளைக்கு 'நீ யாரு'ன்னு சர்க்கார் கேட்டா என்ன சொல்லுவ?"

அவர் கேட்டது சரிதான். சுனாமியில் நிலம் கீழே இறங்கி, ஒவ்வொரு ஓதத்துக்கும் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்து போக ஆரம்பித்த பிறகு நாமெல்லாம் அவரவர் கையால் மேலே ஏறிக் கொட்டகை போட்டவர்கள். இருபது வருஷமாகப் பாக்கும் தென்னையும் வைத்து வளர்த்தோம். ஒரு காகிதம்கூடக் கிடையாது.

நான் சொன்னேன்: "அண்ணே, இந்தச் சட்டத்தை எழுதறது யாரு? நம்ம புஷ்பம் அத்தை பொண்ணு. காகஜ் இல்லாதவங்களுக்கும் நஷ்ட ஈடு, மாத்து இடம் எல்லாம் உண்டுன்னு அவ எனக்கு வாக்குக் கொடுத்திருக்கா. அவளும் இந்த டிக்ரியில கல்லு சுமந்தவதான்."

எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் கையைத் தூக்கினாள். பிறகு மண்டல் தாதா. பிறகு எல்லோரும். சந்திரமோகன் அண்ணன் மட்டும் என்னைப் பார்த்து, "ஷோபனாவை எனக்குத் தெரியாது. உன்னை நம்பித்தான் தூக்கறேன், ஆமா" என்று சொல்லிக் கையைத் தூக்கினார்.

என் பெயரைக் கெடுத்துவிடாதே.

விசாலம்

*

புது டெல்லி
பிப்ரவரி 6

விசாலம்,

தீர்மானத்தை எங்கள் இணைச் செயலாளரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "கடலில் மூழ்கியவர்களே கேட்கிறார்கள் என்றால் சபையில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?" என்றார். நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாதுடி.

இந்தச் சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் கேட்டால் இப்படிச் சொல். நாடு முழுவதும் நிலக்கரியையும் டீசலையும் எந்த வருஷத்துக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இனி அமைச்சரின் பேச்சாக இருக்காது, சட்டமாக இருக்கும். செய்யாவிட்டால் கோர்ட்டில் கேட்கலாம். சுரங்கம் மூடினால் அதில் வேலை செய்தவருக்கு மாற்று வேலை. தீவுகளில் பத்து வருஷத்தில் டீசல் பவர் ஹவுஸ் எல்லாம் நிற்கும். இதுவரை காலநிலைக்கென்று இப்படி ஒரு முழுச் சட்டம் நம்மிடம் இருந்ததில்லை. இதற்காகத்தான் நான் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு இந்த மேஜைக்கு வந்தேன்.

நீ கேட்ட பிரிவை அப்படியே தமிழில் தருகிறேன்: "பாதிக்கப்பட்டோர் என்பது திட்ட நிலத்தில் குடியிருப்போர் அல்லது பயிர் செய்வோர் எவரையும் குறிக்கும்." எவரையும். பட்டா என்ற பேச்சே இல்லை. இதை எழுதியபோது நம் டிக்ரிதான் கண்முன் நின்றது. சந்திரமோகன் அண்ணனிடம் வாசித்துக் காட்டு.

அடுத்த மாதம் பார்லிமென்ட் கமிட்டி போர்ட் பிளேயர் வருகிறது. (ஸ்ரீ விஜய புரம் என்று எழுதாவிட்டால் இங்கே திருத்தி அனுப்புகிறார்கள். எனக்குக் கை பழகவில்லை.) நீ அவர்கள் முன் பேச வேண்டும். எழுதி வைத்துப் படிக்காதே. கிராம சபையில் பேசியது போலவே பேசு.

அம்மாவிடம், மழைக்கு முன் கூரைத் தகரத்தை மாற்றச் சொல். மேற்கு மூலையில் ஒழுகுகிறது என்றாள்.

உன் ஷோபி

*

புது டெல்லி
பிப்ரவரி 27

விசாலம்,

அவசரமாக எழுதுகிறேன். அம்மாவின் கண்ணில் புரை முற்றிவிட்டது போலிருக்கிறது. போனில் பேசும்போது டிவி மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். மார்ச்சிலேயே அனுப்பிவிடு. டிக்கெட் போட்டாகிவிட்டது. சென்னையில் மாறி ஏற வேண்டும், வீல் சேர் சொல்லியிருக்கிறேன். நீ ஏர்போர்ட் வரை வந்து ஏற்றிவிட்டால் போதும்.

கூரைத் தகரம் இப்போது வேண்டாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை நெருக்குகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பரவாயில்லை, கமிட்டி முடியட்டும்.

ஷோபி

*

மேல்டிக்ரி
மார்ச் 22

ஷோபி,

அத்தை பத்திரமாக வந்து சேர்ந்ததும் போன் செய்தாள். பிளேனில் கொடுத்த காப்பி காப்பியே இல்லையாம். கோழிகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்.

கமிட்டி கதையைக் கேள். அன்று அபர்டீன் பஜாரில் இறங்கி, பரமசிவமும் நானும் ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே குடித்தேன். "புடவை மேல ஊத்திக்காத, எம்பி எல்லாம் பாக்கப்போறாங்க" என்று கிண்டல் செய்தார் அவர். கருத்தரங்கக் கூடத்தில் ஏசி. சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள். எல்லார் முன்னாலும் தடித் தடியாகக் காகிதக் கட்டு. எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்.

நான் இந்தியில் பேசினேன். நம் தீவு இந்திதான், யாரும் குறை சொல்லவில்லை. வயல் மூழ்கியதைச் சொன்னேன். நெல் அறுக்க வேண்டிய மாதத்தில் வயலில் இறால் துள்ளியதைச் சொன்னேன். கடைசியில் தானாக வந்துவிட்டது: "கடல் எங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது. சர்க்கார் கேட்டு எடுக்கிறது. அதனால் கொடுக்கிறோம்."

கமிட்டித் தலைவராக இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முழு மனதோடு சம்மதமா?" என்று கேட்டார். "ஹான் ஜி, முழு மனதோடு" என்றேன். வெளியே வந்ததும் ஒரு டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். பரமசிவம் அன்று ராத்திரி யாருக்கெல்லாமோ போன் போட்டு, என் பெண்டாட்டி டிவியில் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே, என்ன அது?

விசாலம்

*

புது டெல்லி
ஆகஸ்ட் 21

என் அருமை விசாலம்,

நிறைவேறிவிட்டது! இரண்டு சபையிலும்! நேற்று நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வாக்கியத்தை அமைச்சர் அப்படியே சொன்னார், "அந்தமானில் ஒரு பஞ்சாயத்துத் தலைவி சொன்னார்" என்று. எதிர்க்கட்சி வரிசையிலும் மேஜையைத் தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டை கொடுத்தார்.

அம்மாவின் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. அவசரப்பட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மழை முடியட்டும். எதிர் ஃப்ளாட்டில் ஒரு மதுரைக்காரர் குடும்பம், பொழுது போய்விடுகிறது.

ஊரில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடு, என் பெயரில்.

ஷோபி

*

மேல்டிக்ரி
அக்டோபர் 9

ஷோபி,

உன்னைப் போனில் பிடிக்கவே முடியவில்லை. மீட்டிங், மீட்டிங் என்று மெசேஜ்தான் வருகிறது.

சோலாருக்கு டிக்ரியை அளக்க சர்வே ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஸ்ரீநிவாஸ் என்று ஓர் அதிகாரி, தெலுங்குக்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மரியாதையான மனிதர். பஞ்சாயத்து ஆபீசில் உட்கார வைத்து, எங்களுக்கு மாற்று இடம் எங்கே என்று கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. "லாஃபுல்லி" என்று ஒரு சொல். அர்த்தம் கேட்டேன்.

"சட்டப்படின்னு அர்த்தம், பிரதான்ஜி. சட்டப்படி குடியிருக்கறவங்க, சட்டப்படி பயிர் பண்றவங்க. அவங்களுக்குத்தான் மாத்து இடம், நஷ்ட ஈடு எல்லாம். டிக்ரியில யாருக்கும் பட்டா இல்லையே."

"அப்ப நாங்க யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆக்கிரமிப்பாளர்" என்றார்.

நீ எழுதி அனுப்பியதை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். அதில் அந்தச் சொல் இல்லை. அச்சில் தப்பாக வந்துவிட்டதா? அப்படித்தான் இருக்கும் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அச்சுப் பிழை என்றால் எவ்வளவு நாளில் திருத்துவார்கள்?

சந்திரமோகன் அண்ணன் கத்தியிருந்தால் தேவலை. அரிசியை நிறுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினார்.

சீக்கிரம் பதில் எழுது.

விசாலம்

*

புது டெல்லி
அக்டோபர் 24

விசாலம்,

உன் கடிதம் கிடைத்தது. அச்சுப் பிழை இல்லை.

ஒரு மசோதா சட்டமாகும்வரை எத்தனை கை மாறுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நிதித் துறை பார்க்கும், நிலத்துறை பார்க்கும், மாநிலங்கள் கடிதம் எழுதும். பட்டா இல்லாதவர்களையும் சேர்த்தால் நாடு முழுவதும் கணக்கு எங்கோ போய்விடும் என்று பயந்தார்கள். அப்படித்தான் அந்தச் சொல் உள்ளே வந்தது. எனக்கு எவ்வளவு வருத்தம் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா?

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. சட்டத்துக்கு விதிகள் எழுத வேண்டும். விதிகளில் கருணை அடிப்படையில் ஏதாவது சேர்க்கப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுமையாக இரு. இப்போது ஊரில் போராட்டம் அது இது என்று கிளம்பினால், தீவே எதிர்க்கிறது என்று சொல்லி முதல் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். சட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும். அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும் நிலக்கரிக்காரர்கள் எத்தனை பேர் தெரியுமா?

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உனக்கு ஒன்றும் ஆகாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷோபி

*

மேல்டிக்ரி
நவம்பர் 20

ஷோபனா,

எனக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தாயே, அதன் அர்த்தம் போன வாரம் புரிந்தது.

திட்ட நிலத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த எல்லைக் கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். நல்லா ஓடையில் ஆரம்பித்து, மண்டல் தாதா பாக்குத் தோட்டத்தின் நடுவாக, சந்திரமோகன் அண்ணன் கடைக்குப் பின்னால், உன் அம்மா வீட்டை உள்ளே விட்டு, நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. என் வீட்டு வேலிக்கு வந்ததும் வளைந்தது. என் கிணற்றைச் சுற்றி, தென்னையைச் சுற்றி, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வளைந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி நேரானது. டிக்ரியில் நாற்பது வீட்டுக்குமேல் இருக்கிறது. வெளியே நிற்பது என் வீடு ஒன்றுதான்.

ஊரே வந்து பார்த்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. மண்டல் தாதாவின் மனைவி மட்டும், "நல்லா இருங்க தீதி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். அன்றிலிருந்து குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பரமசிவத்தோடு ஒன்றாக வேலைக்குப் போகிறவர்கள் அவரை விட்டுவிட்டு முன் பஸ்சில் ஏறிப் போகிறார்கள்.

ஸ்ரீநிவாசிடம் ஓடினேன். கல் ஏன் வளைந்தது என்று கேட்டேன். அவர் ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வது போல் சிரித்தார்.

"உங்க ஷோபனா மேடம் போன் பண்ணாங்க. சட்டம் வர்றதுக்கே பிரதான்ஜிதான் காரணம், அவங்க வீட்டை விட்டுடுங்கன்னாங்க. ஹோ ஜாயேகா, ஆயிடும்னு சொல்லிட்டேன். மேடம் பெரிய ஆளு இல்லையா? டெல்லி டிரெய்னிங்ல எங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்க. அந்த 'லாஃபுல்லி' இருக்கே, அது அவங்க கொடுத்த ஐடியாதானாம். பிப்ரவரியில மசோதா அப்படியே நின்னு போச்சாம். இந்த ஒரு வார்த்தையைப் போட்டுத்தான் காப்பாத்தினேன்னு அவங்களே சொன்னாங்க."

பிப்ரவரி.

நான் கமிட்டி முன் பேசியது மார்ச்சில். என்னிடம் முழு மனதோடு சம்மதமா என்று கேட்டபோது, கூடத்தில் எல்லார் முன்னாலும் இருந்த காகிதக் கட்டில் அந்தச் சொல் இருந்தது. எனக்குத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கினேன். பிப்ரவரி ஆரம்பத்தில் அத்தை வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றச் சொன்னாய். மாதம் முடிவதற்குள் வேண்டாம் என்றாய். உன் அம்மாவை அனுப்பச் சொன்னது கண்ணுக்காகவா, ஷோபனா? நான் வீல் சேர் தள்ளி, கையாட்டி, அழுது அனுப்பி வைத்தேனே.

உன் அம்மாவை வெளியே எடுத்துவிட்டாய். என் வீட்டை வெளியே எடுத்துவிட்டாய். மற்றவர்கள் உனக்கு யாருமே இல்லையா?

விசாலாட்சி

*

புது டெல்லி
டிசம்பர் 1

விசாலம், தயவுசெய்து போனை எடு. நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன். இதைக் கடிதத்தில் சொல்ல முடியாது.

ஷோபி

*

மேல்டிக்ரி
டிசம்பர் 8

கடிதத்திலேயே சொல். எழுதுவதுதானே உன் வேலை.

விசாலாட்சி

*

புது டெல்லி
டிசம்பர் 17

விசாலம்,

ஆமாம். அந்தச் சொல்லைக் கொடுத்தது நான்தான்.

பிப்ரவரி மூன்றாவது வாரம் நிதித் துறையினர் மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பிரிவு இருக்கும்வரை எடுக்கவே மாட்டோம் என்றார்கள். அடுத்து எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. அப்படிச் செத்துப்போன மசோதாக்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய கூட்டத்தில் எல்லோரும் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் ஒரு காகிதத்தில் அந்தச் சொல்லை எழுதி இணைச் செயலாளர் பக்கம் தள்ளினேன். அவர் படித்துவிட்டு, "இது நடக்கும்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

அந்தச் சொல் யாரைத் தள்ளும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் எழுதியபோது நம் டிக்ரியின் ஒவ்வொரு வீடும் கண்முன் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும் விசாலம். இந்தச் சட்டம் இல்லாமல் இன்னும் பத்து வருஷம் போனால் எத்தனை வயல் மூழ்கும்? எத்தனை ஊர் மேடு தேடி ஏறும்? நம்முடைய வயலைப் பார்த்தவள் நான். இன்னொரு ஊருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதானே இதற்கெல்லாம் வந்தேன்? நாற்பது வீடா, நாடா என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

கமிட்டிக்கு முன் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ பேசியிருக்க மாட்டாய். நீ பேசாவிட்டால் இது வந்திருக்காது.

உன் வீட்டைத் தள்ளிக் கல் போடச் சொன்னது உனக்குச் செய்யும் உதவி என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. அதையாவது செய்யலாமே என்று. ஊர் இப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. நீ பதவிக்காலம் முடிந்ததும் எங்காவது மாறிப் போய்விடு. பரமசிவத்துக்குப் புதுத் திட்டத்திலேயே வேலைக்குச் சொல்லி வைக்கிறேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஊருக்கு எப்போது போகலாம் என்று தினமும் கேட்கிறாள். நீ அவளிடம் போனில் எதையும் சொல்லிவிடாதே. இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

ஷோபி

*

மேல்டிக்ரி
ஜனவரி 30

ஷோபனா,

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நானும் அந்தச் சொல்லையே எழுதியிருப்பேன். ஆனால் எழுதிவிட்டு உனக்குச் சொல்லியிருப்பேன். "ஷோபி, இதுதான் விலை, கொடுக்கிறாயா?" என்று கேட்டிருப்பேன். நீ எங்களை ஒரு தடவை கேட்டிருக்கலாம். நாங்கள் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்போம். கடலைப் பார்த்தவர்கள் நாங்கள். நாடு என்றால் என்ன என்று எங்களுக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்குப் பதிலாக நீயே சரி என்று சொல்லிவிட்டு, அதை என் வாயால் சொல்ல வைத்தாய்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் நானும் பரமசிவமும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். என் வேலியைச் சுற்றி வளைந்திருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். பிறகு கயிறு கட்டி, இந்தப் பக்கத்துக் கல்லிலிருந்து அந்தப் பக்கத்துக் கல்லுக்கு நேராக, பழைய குழியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நட்டோம். கோடு நேராக வந்தால் என் வீடும் கிணறும் உள்ளே விழுகிறது. கடைசிக் கல் கனம். நாங்கள் இருவரும் தூக்க முடியாமல் நின்றபோது கடைத் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சந்திரமோகன் அண்ணன் எழுந்து வந்தார். ஒரு பக்கம் பிடித்தார். நட்டு முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு, "சர்க்கார் கல்லைத் தொட்டா கேஸ் போடுவான், தெரியும்ல?" என்றார். "போடட்டும்" என்றேன். "அப்ப என் பேரையும் சேத்துச் சொல்லு" என்றார்.

கேஸ் போடத்தான் வந்தார்கள். ஸ்ரீநிவாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆப் பாகல் ஹோ கயி ஹைன் க்யா? பைத்தியமா உங்களுக்கு? உங்களுக்கு நல்லதுதானே பண்ணோம்!" என்றார். அவர் ஆபீசிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் வீடும் மற்றவர்களுடையதைப் போல் பட்டா இல்லாத நிலத்தில்தான் இருக்கிறது, எல்லையை வளைக்க நான் யாரிடமும் கேட்கவில்லை, வளைத்ததை ஏற்கவுமில்லை. அவர் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு, கல்லைத் தொட்டதற்கான புகாரைக் கிழித்துக் குப்பையில் போட்டார். எட்டாம் நாள் என் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள், ஆக்கிரமிப்பாளர் என்று. பரமசிவம் அதை நின்று முழுவதும் படித்தார். வேலைக்குக் கிளம்பியபோது, எப்போதும் அவரோடு போகிறவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கிராம சபை மறுபடி கூடியது. என்னிடம் உன் கடிதங்களைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாக்கை நம்பி நான் வாக்குக் கொடுத்தேன், தப்பு என்னுடையது, வேறு பிரதானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மண்டல் தாதா, "இப்ப நீங்க ஓடிப்போனா யார் கோர்ட்டுக்குப் போறது?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஹைகோர்ட் பெஞ்சில் மனு போட்டிருக்கிறோம். எங்கள் வக்கீல் வைஜெயந்தி, ரங்கத் ஊர்க்காரி, இளம் வயது. பூசி மெழுகத் தெரியாது. அந்த ஒரு சொல் இருக்கும்வரை கஷ்டம்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஏப்ரல் வரை டிக்ரியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மட்டும் தடை கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. நாங்கள் தோற்கலாம். சோலார் வேண்டாம் என்று இப்போதும் எங்கள் மனுவில் இல்லை. வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களை மனுஷர்களாக எண்ணிவிட்டு எடுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம்.

அத்தை போன் செய்தாள். கோழிகளைக் கேட்டாள், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டாள். நீ கேட்டபடியே நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்காக இல்லை. அவள் வீட்டைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. சீக்கிரம் சொல்லிவிடு. மனுவில் கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்கும் இருக்கிறது.

பரமசிவத்துக்கு வேலை வேண்டாம்.

மார்ச்சில் விசாரணை. கமிட்டி முன் நான் பேசியதைச் சர்க்கார் தரப்பு காட்டியிருக்கிறது, ஊர் சம்மதித்தது என்பதற்குச் சாட்சியாக. என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்களாம். சம்மதித்தேன் என்றுதான் சொல்வேன். சொன்னதை இல்லை என்று சொல்ல எனக்கு வராது. எதைக் காட்டி, யார் கேட்டு, யாரை நம்பிச் சம்மதித்தாய் என்று வைஜெயந்தி அடுத்துக் கேட்பாள். அப்போது உன் பெயரைச் சொல்வேன். பிப்ரவரி ஆறாம் தேதி நீ எழுதியதையும், அதே மாதம் நீ மேஜையில் தள்ளியதையும் சொல்வேன். உன் வேலைக்கு என்ன ஆகும் என்று வைஜெயந்தி சொன்னாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் சொல்வேன்.

உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீ என்னிடம் சொல்லாமல் செய்தாய். நான் உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

விசாலாட்சி